காற்று அடித்த சாவு மேளம்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில், இலங்கையின் ஓப்பநாயக்க பக்கத்தில், என் மனைவி பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் நடந்த சம்பவம் இது. எங்களுடையது காதல் கலியாணம். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீர் வரும், சோறு வரும், அவர் வாயிலிருந்து மட்டும் எனக்கென்று ஒரு சொல் வராது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் மகளைப் பார்த்து, "சீனி போதுமான்னு கேளு" என்பார். ஒரு தடவையாவது என்னிடம் நேராகப் பேசிவிட மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் உயரமாக ஒரு காற்றுக் கண்ணாடி வாங்கிப் போட்டேன். விற்ற சிங்களக் கடைக்காரர் என்னைத் தம்பி என்று சிங்களத்தில் அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "மல்லி, அடியில கொஞ்சம் எடம் விடுங்க. இல்லாட்டி காத்து மேலால சுத்தி வந்து மண்டையில அடிக்கும்" என்றார். காற்றைத் தடுக்கக் கண்ணாடி வாங்கிவிட்டு, காற்றுக்கு வழி விட எனக்கென்ன பைத்தியமா? அடிப்பக்கத்தை ரப்பர் பட்டி வைத்து இறுக்கி மூடினேன். நெஞ்சில் காற்றுப் படவில்லை, உண்மைதான். ஆனால் வேகம் எடுத்தால் ஹெல்மெட் சாமி வந்தது போல ஆடும், காதுக்குள் ஒரே இரைச்சல். மனைவி ஒரே ஒரு நாள் பின்னால் ஏறினாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள்.

மாரியம்மன் திருவிழா வந்தது. மாமனார்தான் கோயில் தலைவர். கரகம் எடுக்க வேண்டிய நாள் காலையில் பார்த்தால், தோட்டத்துத் தப்பு மேளத்தின் தோல் மழை ஈரத்தில் கிழிந்து கிடந்தது. தப்பு இல்லாமல் கரகம் கிளம்பாது. பெல்மடுல்லைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இரவல் கேட்டு வைத்தார்கள். நான் முந்திக்கொண்டு, "நான் போய்க் கொண்டாரேன் மாமா" என்றேன். அவர் மகளைப் பார்த்து, "பத்திரமா கொண்டாரச் சொல்லு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும்போது தப்பை முதுகில் கட்டிக்கொண்டேன். அடிக்கும் குச்சி அதன் விளிம்பில் ஒரு கயிற்றில் தொங்கியது. மெயின் ரோட்டில் பறந்தேன். ரோட்டை ஒட்டிய எங்கள் தோட்டத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். புதுக் கண்ணாடியைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, பல்லைக் காட்டிக் கையசைத்தேன்.

கண்ணாடிக்கு மேலால் சுருண்டு வந்த காற்று என் மண்டையை அடித்ததோடு நிற்காமல், முதுகில் தொங்கிய குச்சியையும் தூக்கித் தூக்கித் தோலில் போட்டிருக்கிறது. டொம்... டொம்... என்று நிதானமாக, விட்டு விட்டு. எங்கள் தோட்டங்களில் அப்படி அடித்தால் சாவுச் செய்தி. ஹெல்மெட் இரைச்சலில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மாமனாரின் அண்ணன் அப்போது இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் வந்ததும் இரத்தினபுரிப் பக்கமிருந்துதான். மலையில் இருந்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? உடனே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

கல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி நான் லயத்துக்கு ஏறி வந்தபோது, கோயில் ஸ்பீக்கர் நின்றுபோயிருந்தது. வாழை மரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, கரகம் எடுக்க முடியாது. மாமியார் வாசலில் மாரடித்து அழுதுகொண்டிருந்தார். மனைவி ஓடி வந்து, "பெரியப்பாவ எப்பங்க கொண்டாருவாங்க?" என்றாள்.

நான் போய் வருவதற்குள் மனிதர் போய்விட்டார் போலிருக்கிறது. எங்கள் கலியாணத்துக்கு அந்த வீட்டில் துணை நின்றவர் அவர் ஒருவர்தான். முதுகில் தப்போடு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நான் அழுததைப் பார்த்து, அதுவரை சந்தேகமாக நின்றவர்களும் அழத் தொடங்கினார்கள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் முதலாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன மணிக்குய்யா உசுரு போச்சு?"

"எனக்கு எப்பிடி மாமா தெரியும்? நீங்கதானே சொன்னீங்க?"

அழுகை அப்படியே நின்றது. யாரோ ஆஸ்பத்திரியில் இருந்த பெரியப்பாவின் கைபேசிக்குப் போன் போட்டார்கள். அவரே எடுத்தார். "என்னா, கரகம் எடுத்தாச்சா? இங்க கறியில உப்பே இல்ல" என்றார்.

மாமனார் எழுந்து, என்னைச் சுற்றி வந்து, தொங்கிய குச்சியைப் பார்த்தார். "ஒனக்கு மூள கீள இருக்கா? எங்கண்ணன ரோடு நெடுக சாகடிச்சிட்டு, பல்ல வேற காட்டிக்கிட்டு வந்திருக்க" என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கோ உள்ளுக்குள் ஆனந்தம். அத்தனை திட்டும் நேராக எனக்கே.

கரகம் சற்றுத் தாமதமாகக் கிளம்பியது. மறுநாள் தப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "ஒன்ன நம்பி இத அனுப்ப ஏலாது" என்று மாமனாரே அதை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் முதுகில் ஒரு குத்து. நிறுத்தினேன். அவர் ஹெல்மெட் கண்ணை மறைத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"இந்தக் கண்ணாடிய வித்தவன் ஒண்ணுமே சொல்லலியா?"

கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி, பக்கத்துத் தம்பிலி இளநீர்க் கடையில் கத்தி வாங்கிக் குதிகால் பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். என் ரப்பர் பட்டியைப் பிய்த்து எறிந்தோம். கீழ் ஆணிகளைத் தளர்த்தி, கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவே செருப்புத் துண்டுகளைச் செருகி முடுக்கினோம். அடியில் இரண்டு விரல் போகும் அளவு இடைவெளி விழுந்தது.

ஒற்றைச் செருப்போடு ஏறி உட்கார்ந்தார். வண்டி வேகம் எடுத்தது. ஹெல்மெட் அசையவில்லை, காதில் இரைச்சலும் இல்லை. "இப்ப எப்பிடி மாப்புள?" என்ற குரல் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது. பெல்மடுல்லை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். வண்டி ஓட்டுவது தெரியாது, பேச்சுக் கேட்கத் தெரியாது, மகளை எப்படித்தான் வைத்துக் காப்பாற்றப் போகிறாயோ என்று ஒவ்வொன்றாக. அன்று ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டு ஓட்டிய அந்த வழியில்தான் நான் அந்த வீட்டு மருமகன் ஆனேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.