தொட்டியைத் தொந்தரவு செய்தவர்

அவரை எல்லோரும் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சீட் காலியாகக் கிடந்தாலும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூட நடுவில் இரண்டு முறை எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். "என்னங்க, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்பாள் மனைவி.

பஸ் கம்பெனியை மூடிய பிறகு, மரத்திலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே மரச்சீவலை அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய கலனில் நீராவியின் அழுத்தத்தில் வேகவைத்து, சட்டென்று திறந்துவிடுவார்கள். சீவல் வெடித்துப் பழுப்புக் கூழாகிவிடும். கூழில் என்சைம் கலந்தால் சர்க்கரை பிரியும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கும். ஈஸ்ட் தொட்டிதான் இவர் பொறுப்பு. மூன்று நாள் அது நொதிக்கும். ஷிப்டுக்கு இரண்டு முறை குழாயை நீராவியால் சுத்தம் செய்து, ஒரு குப்பி சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுக்க வேண்டும். மற்ற நேரம் காத்திருப்பதுதான் வேலை.

முதல் நாளே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டியோ இரும்புச் சுவர். உள்ளே ஈஸ்ட் தின்கிறதா, செத்துக் கிடக்கிறதா? காதை வைத்துக் கேட்டார். அரை மணிக்கு ஒரு தரம் குழாயைத் திறந்து மோந்து பார்த்தார். நீராவி விட்டால் பத்து நிமிடம் ஆகும்; அவ்வளவு பொறுமை ஏது? வீட்டுக்குப் போயும் அடுத்த ஷிப்டுக்காரருக்கு போன் போட்டு, "நுரை வருதா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் ஆல்கஹால் அளவு ஏறாமல் நின்றுவிட்டது. லேபில் வேலை பார்க்கும் பெண் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, ஈஸ்ட்டுக்கு நடுவுல குச்சி குச்சியா பாக்டீரியா. எல்லாம் புளிச்சுப் போச்சு. குழாயை யாரு அடிக்கடி திறந்தது?"

மற்ற ஷிப்டுக்காரர் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நான்தாம்மா. முப்பது தடவைக்கு மேல இருக்கும்."

"நீராவி விட்டீங்களா?"

"லேபுக்கு எடுக்கறப்ப மட்டும் விட்டேன்."

தொட்டி முழுவதும் கழிவுக்குப் போனது. மேனேஜர் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்த வாரத்தில் ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினார், அலமாரியை மூன்று இடத்துக்கு நகர்த்தினார். "உங்க ஆபீஸ்ல தண்டனை குடுத்தது உங்களுக்கா, எனக்கா?" என்றாள் மனைவி.

திரும்பிப் போனதும் நேராக மேனேஜரிடம் சொன்னார். "சார், காத்திருக்கற வேலை எனக்கு வராது. வேகவைக்கிற எடத்துல போட்டுடுங்க."

இப்போது நீராவிக் கலனில் இருக்கிறார். ஒரு ஈடு வேக எட்டு நிமிடம். அழுத்தம் பார்த்து, வால்வைத் திறந்து, மறு ஈட்டை உள்ளே தள்ளுவதற்குள் அடுத்த எட்டு நிமிடம் தொடங்கிவிடும். இரண்டு வருடமாக ஒரு ஈடும் கெட்டதில்லை.

ஷிப்ட் முடிந்தால் மட்டும் கால் தானாக ஈஸ்ட் தொட்டிப் பக்கம் போகும். லேப் பெண் கதவைத் திறந்து, "நல்லா இருக்குண்ணே, போங்க" என்பாள். பத்தடி நடந்து திரும்பி வருவார்.

"நெசமாத்தானே சொல்ற?"