ராக்கம்மாளின் ரத்த வைத்தியம்

மார்க்கையன்கோட்டையில் எங்கள் அம்மா ராக்கம்மாளுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் தேனி டாக்டர்களெல்லாம் வேறு பிழைப்புத் தேடியிருப்பார்கள்.

தம்பி சுரேஷ்கண்ணனின் மனைவி மாரீஸ்வரி இரண்டாவதாக உண்டாகியிருந்தாள். ஆறாம் மாத ஸ்கேனில், வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் குறைவு என்றார்கள். பிள்ளையின் மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் ஓடுகிற வேகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

அம்மா கறிக்கடைக்குப் போனாள். சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று நான்கு நாள் மருமகள் வாயில் திணித்தாள். மாரீஸ்வரிக்கு ரத்தம் தேவைக்கு மேலேயே இருந்தது. அது யாருக்கு வேண்டும்?

"தாய்க்கு ஊறுனா பிள்ளைக்கு ஊறாதா? இதுக்குப் போயி மதுரையா?"

நான்தான் சண்டை போட்டு எல்லோரையும் காரில் ஏற்றினேன். அம்மாவும் ஏறிக்கொண்டாள். டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

மதுரை டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்குத் தகப்பனைப்போல பாசிட்டிவ். முதல் பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கலந்ததிலிருந்து தாயின் உடம்பு அதைப் பகையாக நினைத்து, இந்தப் பிள்ளையின் ரத்தத்தை அழிக்கிறது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடிக்குள் ஊசி செலுத்தி ரத்தம் ஏற்ற வேண்டும். இன்னும் தாமதித்தால் பிள்ளை தங்காது.

"முதல் பிரசவம் முடிஞ்சதும் இதைத் தடுக்க ஒரு ஊசி போட்டிருப்பாங்களே?" என்றார்.

மாரீஸ்வரி தலைகுனிந்தாள். தம்பி சுவரைப் பார்த்தான்.

"போடலம்மா," என்றாள் அம்மா. "பிள்ளையோட ரத்த ரிப்போர்ட் வரட்டும், ஊசி போடணும்னு நர்சம்மா சொன்னாக. மறுநா அஷ்டமி, அதுக்கடுத்து நவமி. பிள்ளைய எப்பிடி வீட்டுக்குக் கொண்டாறது? நாந்தேன் அன்னைக்கே கூட்டியாந்துட்டேன்."

ஒரு தப்புக்கு அம்மா 'நாந்தேன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. திட்ட வாயெடுத்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று முறை ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை பிறந்தது, உயிரோடு. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அம்மா நர்ஸை வழிமறித்தாள்.

"அந்த ஊசியப் போட்டீகளா தாயி? போடாம நாங்க இங்கனருந்து நகரமாட்டோம்."

"இனிமே இவங்களுக்கு அது பயன்படாதும்மா. முதல் பிரசவத்துலயே போட்டிருக்கணும்."

அம்மா மாரீஸ்வரியின் கட்டிலுக்குக் கீழே, அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் எழுப்பவில்லை. நானும்தான்.