போர்த்தாத பொன்னாடை

மேடையில் ஒருவர் உங்கள் இனத்தை வானளாவப் புகழ்ந்து பொய் சொல்கிறார். கைதட்டுவீர்களா, சான்று கேட்பீர்களா?

ஜெகதீஸ்வரி மலேசியாவின் செபராங் ஜெயாவில் வரலாற்று ஆசிரியை. சனிக்கிழமைதோறும் சுங்கை பினாங்குச் சங்க மண்டபத்தில் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். அதைவிட்டால் வகுப்புக்கு வேறு இடம் கிடையாது.

அன்று சங்கத்தின் ஆண்டுவிழா. வெளியூர்ப் பேச்சாளர் முழங்கினார்: "ஹங்கேரியரும் பின்லாந்துக்காரரும் கப்பலேறிப் போன தமிழர்களே! அவர்கள் மொழி நம் மொழியின் குழந்தை!" மண்டபம் அதிர்ந்தது. வழக்கப்படி, அவருக்குப் பொன்னாடை போர்த்தி, சொன்னதையெல்லாம் மெச்சி நன்றியுரை ஆற்றவேண்டியவள் ஜெகதீஸ்வரி.

சங்கத் தலைவர் சுப்பையா அவள் முகத்தைப் படித்துவிட்டார். பக்கத்தில் வந்து குனிந்தார்.

"டீச்சர், போத்திட்டு, ரெண்டு வார்த்த பாராட்டிட்டு எறங்கிருங்க லா. ஹால் சாவி யாரு கையில இருக்குன்னு தெரியும்தானே?"

ஜெகதீஸ்வரி மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். கேட்டால் வகுப்பு போய்விடும். கேட்காவிட்டால், "அது உண்மையா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்வாள்?

"ஐயா மன்னிக்கணும். ஹங்கேரிய மொழிக்கு நெருங்கின சொந்தம் சைபீரியாவுல, ஓப் நதிக்கரையில இருக்கு. ஹாந்தி, மான்சின்னு ரெண்டு சின்ன இனம். பின்லாந்து மொழி அதே குடும்பத்துல தூரத்து உறவு. அந்தக் குடும்பம் பொறந்தது யூரல் மலைப்பக்கமா, இன்னும் கெழக்கயான்னு அறிஞருங்க இன்னும் வாதாடுறாங்க. தமிழோட தொடர்பு இருக்கலாம்னு சிலர் சொன்னாங்க, யாரும் நிரூபிக்கல. உங்க சான்று என்ன?"

பேச்சாளர் புன்னகைத்தார். "தமிழ் ரத்தம் ஓடுறவங்க கேக்குற கேள்வியா இது?"

விருந்துக்குக் காத்திருந்த பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், மீஹூன் ஆறுது லா." சிரிப்பு பரவியது.

அவள் விடவில்லை. "சோவியத் காலத்துல மான்சிப் பிள்ளைங்கள விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோயி அவங்க பேச்ச மறக்க வச்சாங்க. இன்னிக்கு அதப் பேச கொஞ்சப் பேருதான் மிச்சம். ஹங்கேரியரோட அவங்களுக்கு இருக்குற சொந்தத்தையும் நாம புடுங்கிக்கணுமா? நம்ம வரலாற்ற யாராச்சும் அழிச்சா நமக்கு எரியுதுல்ல?"

சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் எழவில்லை. அவளிடம் மகளை அனுப்பும் மோகனா, தலையைக் குனிந்து கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். ஜெகதீஸ்வரி பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை மண்டபக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

வகுப்பு இப்போது அடுக்குமாடிக்குக் கீழே, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடக்கிறது. சாரலடித்தால் அதுவும் இல்லை. அன்று இன்னும் ஒரே ஒருவர் எழுந்து, "டீச்சர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றிருந்தால், சுப்பையாவுக்குப் பூட்டு வாங்கத் துணிவு வந்திருக்காது. அடுத்த கூட்டத்தில் மோகனாவின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்.