நடு ஆற்றில் நைனா

ஓடுகிற ஆற்றில் நின்றால், யாரோ அடியிலிருந்து பாயை உருவுவது போலக் குதிகாலுக்குக் கீழே மணல் கரைந்து போகும். நிற்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் புதைந்துகொண்டிருக்கும்.

ஏழாவது படிக்கிற என் மகள் போன வாரம் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து, "அம்மா, ‘வேட்’னா இன்னா தெரியுமா?" என்று கேட்டபோது எனக்கு அந்த மணல்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் ‘நீள்ளலோ நடவடம்’ என்று சொல்லிக் கொடுத்தார்களாம். தண்ணீர் காலைப் பிடித்து இழுக்க, நீந்தாமல், அடி எடுத்து வைத்தே போவது. தடிப் புத்தகத்தை முக்கி முனகிப் படித்து முடிப்பதற்கும் இதே வார்த்தைதானாம். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த புரட்டாசி அது. அவள் பிழைத்தால் போதும் என்று என் அப்பா, நைனா, வாங்கிய அரிசியில் பெருமாளுக்குத் தளிகை பொங்கிப் படைப்பதாக வேண்டிக்கொண்டு, சனிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு, நாமம் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அக்கரை ஊரில் வீடு வீடாக "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கினார். நிறைந்த பித்தளைத் தவலையைத் தலையில் ஏற்றி வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டால் வழியில் கீழே வைக்கக் கூடாது, திரும்பி நடக்கவும் கூடாது. எங்கள் தெருவில் அப்படித்தான்.

காலையில் கணுக்கால் அளவு இருந்த ஆறு, மலைப்பக்கம் பெய்த மழையில், நாங்கள் பாதி வந்தபோது செம்மண் நிறத்தில் ஏறத் தொடங்கியது. நைனாவின் இரண்டு கையும் தவலையில். நான் அவர் வேட்டியைப் பிடித்திருந்தேன். தண்ணீர் என் மார்புக்கு வந்ததும் என்னால் கால் எடுக்க முடியவில்லை. முன்னே ஆழம், பின்னே போனால் வேண்டுதல் போச்சு. அவரும் நின்றுவிட்டார். "கோவிந்தா, கோவிந்தா" என்று அவர் வாய் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் கரையில் மாடு ஓட்டி வந்த பக்கத்து வீட்டு முனியம்மாக்கா கத்தினாள்: "இன்னாணா, ஆத்து நடுவுல கொலு வெச்சிக்கினு நிக்கிற? புள்ளைய தோள்ல ஏத்து!"

"தவலைய எறக்கக் கூடாதும்மா!"

"எறக்காத, கொட்டு! அரிசி அடுத்த வாரமும் வாங்கலாம். புள்ளைய எவன் ஊட்டுல போய் வாங்குவ?"

நைனா ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு தவலையை அப்படியே சாய்த்தார். அரிசி வெள்ளையாக ஒரு கோடு போல ஓடி மறைந்தது. காலித் தவலையை என் தலையில் கவிழ்த்து, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்துக் கரையேறினார். தவலைக்குள் இருட்டில் எனக்கு அவர் மூச்சு மட்டும் கேட்டது.

வீட்டில் அவரால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னார். அவள் கிடந்தபடியே என் ஈரத் தலையைத் தடவிவிட்டு, "பெருமாளு பச்சையாவே துன்னுட்டாரு போ. வேக வெக்கிற வேலை மிச்சம்" என்றாள். பல நாள் கழித்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நைனா அழுதுவிட்டார். தீபாவளிக்குள் அவள் எழுந்து நடந்தாள். பெருமாள் கணக்கில் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை என்றே நம்புகிறேன்.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. ஆட்டோவில் ஒரு நொடியில் கடந்துவிடுகிறோம். கீழே தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை, சீமைக்கருவேலந்தான். நைனா போய்ப் பல வருஷம் ஆகிறது. என் மகள் அந்த வார்த்தையை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும்போது, அடுப்படியில் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன்: கோவிந்தா, அவளுக்கு இது பரீட்சைக்கு மட்டும் தேவைப்படட்டும்.