திட்டு வாங்காமல் அழைத்த கல்யாணம்

என் அக்காவின் கல்யாணத்துக்குப் பேரிகையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன் நிறைய வந்தார்கள். ராயக்கோட்டை மார்க்கெட்டில் அப்பாவிடம் தக்காளி எடுக்கும் வியாபாரிகள் வந்தார்கள். ஓசூரில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், முகூர்த்தத்துக்கு வந்து நின்றார்கள். நாகரசம்பட்டியிலிருந்து மாங்காய் மண்டி பாய் வந்தார். அவரை எங்கள் வீட்டில் யாரும் அழைத்திருக்கவில்லை. அந்த மண்டிக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் என் தாய்மாமன் வரவில்லை.

தாய்மாமன் இல்லாத கல்யாணம் எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது மாமன். அவர் எடுத்து வந்த புடவையை உடுத்திக்கொண்டுதான் பெண் வந்து உட்கார வேண்டும். எங்கள் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அன்று அம்மா, உத்தனப்பள்ளி ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பந்தல் வாசலுக்கு வந்துவிட்டுப் போனாள். கடைசியில் மாமன் முறை ஆகிற யாரோ ஒருவர் அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா அவரை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

எல்லாம் ஒரு டெலிபோன் பேச்சால் வந்தது.

அதற்கு முன்பெல்லாம் மாமன் வீட்டுக்கு அழைக்கப் போவது எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் ஓட்டு வீடு கட்டிக் குடி போனபோது அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். எங்களைப் பார்த்ததும் மாமா எழுந்திருக்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார்.

"யாரு இது? வழி தப்பி வந்துட்டீங்களா? ஓசூர் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்."

"அட, உன்னப் பாக்கத்தான் மச்சான் வந்தன்," என்றார் அப்பா.

"என்னப் பாக்க என்னா இருக்குது? மாடு கன்னு போட்டப்ப சொல்லி அனுப்பினேன், வந்தியா? எங்க ஊரு பண்டிகைக்குச் சோறு போடற நேரத்துக்கு வந்து, எல உலர்றதுக்குள்ள கெளம்பிட்ட. தக்காளிக்காரன் தக்காளியயே கட்டிக்கட்டும்னு விட்டுட்டன்."

"தக்காளி வந்து சீர் செய்யுமா மச்சான்?"

இப்படி அரை மணி, ஒரு மணி நேரம் போகும். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவார், சிலதுக்குத் தலையைச் சொறிவார். அம்மா உள்ளே போய் அத்தையோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வருவாள். எல்லாக் கோபமும் தீர்ந்து, மாமா "ஏய், காப்பித்தண்ணி வையேன், வந்தவங்கள எவ்ளோ நேரம் ஒக்கார வெப்ப?" என்று அத்தைமேல் பாய்ந்தால், காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அப்பா தட்டை நீட்டுவார். எதற்காக வந்தோம் என்பது இருவருக்கும் முதலிலேயே தெரியும். ஆனால் அதை முதலில் சொல்லக் கூடாது. அழைக்கப் போவது அழைப்பதற்காக மட்டும் இல்லை, வருடம் முழுக்கச் சேர்ந்த திட்டை வாங்கிக்கொண்டு வருவதற்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது எனக்கு வெட்டிப் பேச்சாகவே தெரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான்தான் முதல். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்தேன். மேஜையில் ஒரு இன்டர்காம் இருந்தது. அது மணியடித்தால் எடுத்து, எந்தப் பார்ட், எத்தனை, எந்த லைனுக்கு என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட வேண்டும். புதிதில் நான் "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்று இழுப்பேன். சூப்பர்வைசர், பெங்களூரிலிருந்து தினம் வந்துபோகிற கன்னடக்காரர், சிரிப்பார். "மேட்டர் மட்டும் ஹேளு. ஊர்க் கதெ பேடா." விஷயத்தை மட்டும் சொல், ஊர்க்கதை வேண்டாம் என்று அர்த்தம். ஒரே வருடத்தில் எனக்கு அது பழகிவிட்டது. அது நாகரிகம் என்றே நினைத்தேன். வீட்டில் அம்மா எதையாவது சுற்றிவளைத்துச் சொன்னால் "விஷயத்தச் சொல்லும்மா" என்பேன். அவள் சொல்ல வந்ததையே மறந்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

அக்காவின் கல்யாணம் அவசரமாக முடிவானது. ஆடி பிறக்கப்போகிறது, ஆனியின் கடைசி முகூர்த்தத்தை விட்டால் ஆவணிதான் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். நாட்கள் அதிகம் இல்லை. அதே சமயத்தில் எங்கள் தோட்டத்தில் தக்காளி பழுத்து நின்றது. நல்ல விலையும் இருந்தது. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் வெடித்துவிடும். நாகரசம்பட்டிக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். மாமன் வீட்டில் அன்றே கிளம்ப விடமாட்டார்கள் என்பதால் இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது மண்டி பாயின் போன் நம்பர் எங்களிடம் இருந்தது. சொந்தமாகப் போன் இல்லாதவர்கள், தெரிந்தவர் வீட்டு நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவார்கள். கூப்பிட்டால் அந்த வீட்டார் ஆளனுப்பி அழைத்து வருவார்கள். மாமாவே ஒருமுறை அந்த நம்பரைக் கொடுத்து, "நல்லது கெட்டதுக்கு வெச்சிக்க" என்று சொல்லியிருந்தார்.

போனில் சொல்லிவிடலாம் என்று முதலில் சொன்னது அப்பாதான். அம்மாவுக்கு மனசில்லை.

"எங்கண்ணன் வெத்தல பாக்கு இல்லாம வருவாரா?"

"வெத்தல பாக்கு எங்க ஓடிப்போவுது? கல்யாணத்தன்னிக்கு ரெட்டிப்பா வெச்சிடலாம்," என்றார் அப்பா. "உங்கண்ணனுக்கு முன்னாடியே சேதி போனாதான் சீருக்கு ஏற்பாடு பண்ண முடியும். எதுக்குச் சொல்றன், புரிஞ்சுக்க."

நான் அப்பா பக்கம் பேசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்காளிக் கூடைகளை ஏற்றிவிட்டு, மூன்று பேரும் ஓசூருக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கண்ணாடி அறை. நான் நம்பரைச் சுழற்றினேன். பாய் எடுத்தார். மாமாவை அழைத்து வரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "வந்துட்டாரு, இருங்க," என்றார் பாய். ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து அம்மாவோடு நின்றுகொண்டேன். அப்பா பேசி முடித்ததும் அம்மா பேச வேண்டும் என்று ஏற்பாடு. அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தராசோடு வாழ்ந்தவர், எண் தெரியும். அறைக்குள்ளே அவர் முகத்துக்கு நேராக ஒரு பெட்டியில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் அதையே பார்த்தார். மார்க்கெட்டில் தெலுங்கில் விலை பேசி, கன்னடத்தில் கேலி பேசி, தமிழில் சமாதானம் பேசுகிறவர் எங்கள் அப்பா. ஒரு கூடைத் தக்காளிக்கு முக்கால் மணி நேரம் பேசுவார். அந்த மனிதர் அன்று கத்திய கத்தல் பூத்துக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டது.

"மச்சான்! பெரியவளுக்குக் கல்யாணம்! ஆனி கடைசி முகூர்த்தம்! பேரிகைப் பையன்! நம்ம வீட்டுலயேதான்! குடும்பத்தோட வந்துடு! ஆங்? அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்! மீட்டரு ஓடுது! வெச்சிடறன்!"

வைத்துவிட்டார். அம்மா ஒரு கையைக் கதவில் வைத்தபடியே நின்றாள்.

"நானு?" என்றாள்.

"ஐய, மறந்துட்டன். சொல்லியாச்சு, எல்லாம் சொல்லியாச்சு. நம்பரு மாறறதுக்குள்ள வெச்சிட்டன் பாத்தியா?" அப்பாவுக்கு வேர்த்திருந்தது, முகத்தில் பெரிய வேலையை முடித்த சந்தோஷம். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். சில்லறை இல்லையென்று பூத்துக்காரர் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார். அப்பா அதை அம்மாவின் கையில் வைத்தார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அண்ணன் என்னா சொன்னாரு?"

"என்னா சொல்லுவான், சரின்னான்."

அந்த டெலிபோன் பேச்சின் மறுபாதி எங்களுக்குக் கல்யாணத்தன்று, பந்தியில்தான் கிடைத்தது. பாய் இரண்டு பெட்டி மாம்பழத்தோடு இறங்கியதைப் பார்த்து அப்பா குழம்பினார். ஆனாலும் கைபிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்.

"என்னாண்ணே அப்படிப் பாக்கறீங்க? நீங்கதான அழச்சீங்க," என்று சிரித்தார் பாய். "நீங்க போட்ட சத்தத்துல எங்க மண்டிக்கே அழைப்புதான். குடும்பத்தோட வான்னீங்க. வூட்டுல ஒடம்பு சரியில்ல, நான் மட்டும் வந்தன். எங்க உங்க மச்சான்?"

"வரலீங்களே பாய்."

பாய் சிரிப்பை நிறுத்தினார். அன்று மண்டியில் நடந்ததைச் சொன்னார். போன் வந்திருக்கிறது என்று ஆள் போய்ச் சொன்னபோது மாமா தோப்பில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்தாராம். போன் இல்லாத வீட்டுக்குப் போன் வந்தால் அந்த நாளில் ஒரே அர்த்தம்தான். மரத்திலிருந்து இறங்கி, துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடி வந்திருக்கிறார். "எந்தங்கச்சி, எந்தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்ததைக் கேட்டு மண்டியில் எடை போடுவதை நிறுத்திவிட்டார்கள். காய் பிரிக்கிற பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பாய் நாற்காலி போட்டுத் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தார்.

"'தங்கச்சிக்கு என்னாச்சு'ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டாரு. நீங்க கல்யாணம்னீங்க. 'இந்த வருசம் பண்டிகைக்கு ஏன் வரல'ன்னு அவரு ஆரம்பிச்சாரு. நீங்க வெச்சிட்டீங்க."

"அப்புறம்?"

"காய் பிரிக்கிற பொம்பள ஒருத்தி சும்மா இருக்காம, 'கல்யாணத்துக்கா இந்த ஓட்டம் ஓடியாந்தீங்க'ன்னு சிரிச்சிட்டா. எல்லாரும் சிரிச்சிட்டாங்கண்ணே. நானும்தான். உசுருக்கு ஒண்ணும் இல்லன்ற சந்தோஷத்துல சிரிச்சது. அவருக்கு அது அப்படிப் படல. 'கூப்புட்டா ஓடி வருவான்னுதான் போனு போட்டிருக்காங்க'ன்னு சொல்லிட்டுத் துண்ட எடுக்கப் போனாரு."

அம்மா சாம்பார் வாளியோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வாளியைப் பாய் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுவாரமே தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி, துண்டு வைத்துக்கொண்டு நாகரசம்பட்டிக்குப் போனோம். அப்பா வழியெல்லாம் திட்டுக்குத் தயாராகிக்கொண்டே வந்தார். "என்னா வேணா சொல்லட்டும். காலைப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கறன்," என்று பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னார்.

மாமா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. ஒக்காருங்க. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

காபி உடனே வந்தது. அப்பா தானே பேச்சை எடுத்தார். "மச்சான், நான் செஞ்சது தப்பு. பண்டிகைக்கும் வரல. நீ திட்டு."

"அதெல்லாம் என்னா இப்ப. அவங்கவங்க வேல அவங்கவங்களுக்கு," என்றார் மாமா. நல்ல சாப்பாடு போட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்டார். அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை அத்தை கொண்டுவந்து கொடுத்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாமாவே சொல்லி, ரோடு வரை வந்து ஏற்றிவிட்டார். அப்படி ஒரு மரியாதையை அந்த வீட்டில் நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸில் அம்மா அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கண்ணன் ஒரு வார்த்த திட்டலையே," என்று அழுதாள்.

பிறகு அவர் எங்களைத் திட்டவே இல்லை.

சில வருடங்களில் எங்கள் வீட்டுக்கும் போன் வந்தது. மாமன் வீட்டுக்கும் வந்தது. இப்போது யாரும் ஓடி வர வேண்டியதில்லை. அம்மாவும் மாமாவும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். நல்லா இருக்கியா, மழை பேஞ்சுதா, சாப்பிட்டியா, வெக்கட்டுமா. அவ்வளவுதான். அப்பாவும் மாறிவிட்டார். மார்க்கெட்டில் முதல் வார்த்தையிலேயே விலையைச் சொல்லிவிடுகிறார். முன்பு அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது நிற்பதில்லை. கம்பெனியில் நான் கற்றுக்கொண்டது மொத்த வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எல்லோரும் விஷயத்தை மட்டும் சொல்கிறோம். சொல்லி முடித்த பிறகு, சொல்லாமல் விட்டது எது என்று யாருக்கும் தெரிவதில்லை.

போன மாதம் மாமா கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். அவர் மகனுக்குக் கல்யாணம், தை மாதம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், அம்மாவிடம் சொல்லிவிடு என்றார். "அம்மாகிட்டக் குடுக்கட்டுங்களா மாமா?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். சொன்னேன். வெற்றிலை பாக்கோடு வருவாரா என்று அவள் கேட்கவில்லை. போனின் மேல் மூடியிருந்த துணியை இழுத்துச் சரியாகப் போட்டாள். அப்புறம், எதையோ நினைத்துக்கொண்டவள் போல,

"ஏண்டா, அன்னிக்கு ஓசூர்ல பேசினதுக்கு எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டாள்.

"எட்டு ரூபா நாப்பது காசும்மா," என்றேன்.