காக்காய் இல்லாத ஊரில் அமாவாசை

அறுபதுகளில் என் கணவருக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றல் வந்தபோது அப்பா குதித்தார். "அந்தமானுக்குக் கொலைகாரன்தான் போவான். எம்பொண்ணு என்ன குத்தம் பண்ணுனா?" என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்டார். இவர் சர்க்கார் உத்தரவைக் காட்டினார். அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. என் பக்கம் திரும்பி, "போனீன்னா எங்கூடப் பேச்சு வச்சுக்காத" என்றார். கட்டினவர் பின்னால் போகாமல் நான் என்ன செய்வேன்? போனேன். கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிடிவாதத்தில் நானும் அவர் மகள்தான், விடாமல் எழுதினேன்.

கடைசியில் அண்ணனிடமிருந்துதான் கடிதம் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடிதம் என் கைக்குக் கிடைத்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

மகாளய அமாவாசை வந்தது. திதி கொடுக்க அண்ணன் இருக்கிறான். எனக்கு மிஞ்சியது காக்காய்க்கு வைக்கிற சோறுதான். காக்காய் தொட்டால் போனவர் மனம் குளிர்ந்தது என்பார்கள் எங்கள் பக்கத்தில். தொடாவிட்டால் ஏதோ மனக்குறை. அப்பா என்மேல் கோபத்தோடுதான் போனாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் சமைத்து, இலையில் வைத்து, குவார்ட்டர்ஸின் தகரக் கூரைமேல் ஏற்றிவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன். தென்னைகளில் இருந்த புறாக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொண்டை வற்றக் கூப்பிட்டேன். சோறு காய்ந்தது. "அவ்வளவு கோபமாப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டு அழுதேன். இவர் பசி தாங்காமல், "கோழியும் பறவைதானடி, அதுக்கு வையேன்" என்றார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்கார அம்மா வெளியே வந்தார். எங்கள் இருவருக்கும் இந்திதான் பேச்சு. "அரே பெஹன், இதர் கவ்வா கஹாங் ஹை? ஏக் பீ நஹீ" என்றார். அந்தத் தீவில் ஒரு காக்காய்கூடக் கிடையாதாம். வந்த புதிதில் அவரும் இப்படித்தான் கூப்பிட்டுப் பார்த்தாராம்.

மாதக்கணக்கில் அங்கே குடித்தனம் செய்கிறேன். காக்காய் கரையாமலே விடிவதை நான் கவனிக்கவே இல்லை. ஊரில் வடாம் காயவைத்தால் காக்காயைக் கல்லெறிந்து விரட்டுவோம். செத்தவர்களுக்குச் சோறு கொண்டுபோக மட்டும் கெஞ்சிக் கூப்பிடுவோம். காலங்காலமாக அதனோடு நமக்கு இதுதான் உறவு. அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அப்பா கோபித்துக்கொண்டு வராமல் இருக்கவில்லை என்பது அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த வருஷம் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி ஹேடோவில் குடியேறினோம். கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறங்குகிற இடம், காக்காய்க்குப் பஞ்சமில்லை. அமாவாசையன்று இலையைச் சுவர்மேல் வைத்துக் கையை எடுப்பதற்குள் தடித்த காக்காய் ஒன்று வந்து உட்கார்ந்தது. என்னைக் கூப்பிடக்கூட விடவில்லை.

"பாத்தியா, ஒங்கப்பா வந்துட்டாரு! இனியாச்சும் அழுகாம சாப்பிடு" என்றார் இவர். அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் தலையாட்டினேன். ஒரு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானே? காக்காய் எங்கள் இலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுச் சுவருக்குத் தாவியது. அங்கே வேறு யாருக்கோ வைத்திருந்த சோற்றையும் அதே அவசரத்தோடு கொத்தியது.

இவருக்குப் பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்தேன். ஒரு கவளம்கூட இறங்கவில்லை. காக்காய் சாப்பிட்டுவிட்டது. அப்பா என்னோடு பேசாமலே போய்விட்டார்.