கேழ்வரகில் விழுந்த கெபாசிட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்கு ஒரு சர்க்யூட் போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் அறுபது முட்டை இருந்தது, பொரிக்க இன்னும் ஒரு வாரம். சூட்டைப் பார்த்துக்கொள்ளும் போர்டில் ஒரு சிப்பு கை வைக்க முடியாமல் கொதித்து, சூடு கொடுக்கும் பல்பை அணைத்துவிடும். ஊத்தங்கரை ரேடியோ கடைக்காரர் சிப்பை மாற்றினார். புதுசும் கொதித்தது. “முட்டையை அவிச்சுத் தின்னுடுங்கம்மா” என்றார். இன்றுவரை அவர் கடைப்படியை நான் மிதிக்கவில்லை.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் என் நாத்தனார் சரோஜா இருந்தாள். ஒரு கம்பெனியில் போர்டுக்கு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் வேலை. ஆனால் நாங்கள் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு அவள் வரவில்லை. சொந்த அண்ணன் வீடு! அந்த அண்ணன்தான், என் வீட்டுக்காரர், பெட்டிக்குள் அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டுச் சாதுவாகச் சொன்னார்: “சாயங்காலத்துக்குள்ள வந்துடு. அதுக்கு மேல முட்டை தாங்காது.”

காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். கிருஷ்ணகிரியில் மாறினால் ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஒன்பது ரூபாய். மடியில் துண்டு சுற்றிய போர்டைப் பார்த்த கண்டக்டர், “புள்ளையாம்மா? அரை டிக்கெட் போடட்டுமா?” என்றார்.

“அறுபது உசுரு இருக்குது இதுல. எல்லாத்துக்கும் போடுவியா?”

“வேணாம் தாயே!”

சூளகிரி வரைக்கும் சிரிப்பு. அதற்கப்புறம் சரோஜா முகம் நினைவுக்கு வந்தது.

அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க அண்ணி. இன்னிக்குத்தான் நேர்ல வர வழி தெரிஞ்சுதா?” போர்டை நீட்டினேன்.

கரண்ட் கொடுத்து, போர்டு மேல் ஸ்பிரிட்டைத் தடவினாள். “தோசைக்கல்லுல தண்ணி தெளிக்கிற மாதிரிதான். எது மொதல்ல காயுதுன்னு பாருங்க.” சிப்பு என்று நினைத்தேன். அதற்கு முன்னால், பக்கத்தில் பேசாமல் கிடந்த ஒரு பொடி கெபாசிட்டர் மேல் ஸ்பிரிட் காய்ந்தது. “இது ஷார்ட் ஆகிக் கரண்ட்டை உறிஞ்சுது. இதுக்குக் குடுத்துக் குடுத்தே சிப்பு கொதிக்குது.”

கரண்ட்டைப் பிடுங்கி, ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகுதான் சால்டரிங் அயனைச் சூடாக்கினாள். அதன் தடித்த முனையில் செம்புக் கம்பியைச் சுற்றி ஊசியாக்கியிருந்தாள். கெபாசிட்டரின் இரண்டு முனையிலும் ஈயத்தை உருக்கிப் பழசைத் தள்ளினாள். கம்பெனியில் கழித்துப்போட்ட போர்டு ஒன்றில், அதே மாதிரி சிப்புக்குப் பக்கத்தில் இருந்த கெபாசிட்டரைக் கழற்றினாள். இருந்ததே அது ஒன்றுதான். “மூச்சு விடாதீங்க, பறந்துடும்.”

நான் விடவில்லை. அவள் இடுக்கிதான் வழுக்கியது. கெபாசிட்டர் எகிறிப் போய்க் கேழ்வரகு முறத்தில் விழுந்தது. அதே நிறம், அதே அளவு. இரண்டு ஓரத்திலும் வெள்ளி மினுக்கு மட்டும் உண்டு.

முறத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தேடினோம். கை ஓடினால் வாய் சும்மா இருக்குமா?

“கிரகப்பிரவேசத்துக்கு ஏன் வரலை?”

“பஸ் டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புனா வந்துடணுமா? வெத்தல பாக்கு வெக்க ஆளில்லையான்னு என் மாமியார் கேட்டாங்க. மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?”

“தட்டோட உங்கண்ணனை அனுப்பினேனே!”

“அண்ணனா? அவரு வரவேயில்லை.”

இரண்டு பேர் கையும் நின்றது. சரோஜா மெதுவாக, “ஸ்பிரிட்டு மீதி இருக்குது அண்ணி. அண்ணன் மேல தடவிப் பாக்கணும்” என்றாள். சிரித்த சிரிப்பில் கேழ்வரகு பறந்தது. அடியில் வெள்ளி மினுக்கு!

இந்த முறை ஒரு முனையைப் பற்றவைத்து, ஆறவிட்டு, அடுத்ததை வைத்தாள். கரண்ட் கொடுத்ததும் சிப்பைத் தொட்டேன். குழந்தை நெற்றி மாதிரி வெதுவெதுப்பு.

போர்டோடு கிளம்புகிறவர்களுக்கு: கொதிக்கிறதை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள், தானியத்தைத் தூர வையுங்கள். ஓசூரில் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று மணிப் பஸ் போய்விடும். சரோஜா களி கிண்டிப் போட்டாள், நான் நாலு மணிப் பஸ்தான் பிடித்தேன்.

ஐம்பத்திரண்டு குஞ்சு பொரித்தது. பத்தை சரோஜாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், வெற்றிலை பாக்கோடு. வீட்டுக்காரரைக் கேட்டால், “அன்னிக்குக் கிருஷ்ணகிரி சந்தையில நேரமாயிடுச்சு, பஸ் டிரைவர்கிட்ட சொல்லி விட்டுட்டேன்” என்றார். ஆறு வருஷக் கோபத்தை அப்படியே அவர் பேருக்கு மாற்றினேன். இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது.